வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்கு ரெஸ்யூமே: பள்ளி அனுபவம் இல்லாதவர் எதை முன்னால் வைப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில இலக்கியத்தில் இளங்கலைப் பட்டம், இணையவழியில் முடித்த 120 மணி நேர டெஃபில் (ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழ், வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஆறு வருட அலுவலக வேலை, கடந்த ஒரு வருடமாக மாலை நேரத்தில் சில பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன். இதை வைத்து வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள். ரெஸ்யூமே எத்தனை பக்கம் இருக்க வேண்டும், போட்டோ வைக்கலாமா, மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க வடிவமைப்பு பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் கடைசி வரியில் "பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததே இல்லை, பார்த்தவுடன் ஒதுக்கிவிடுவார்களோ" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். பக்கக் கணக்கும் போட்டோவும் போகிற போக்கில் வந்துவிடும்.

நான் மொழிப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, பிறகு அதே மாதிரிப் பள்ளிகளில் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு வந்தவன். அதனால் நான் சொல்வது பெரும்பாலும் தனியார் மொழிப் பள்ளிகளுக்கும், அரசுப் பள்ளிகளில் உதவி ஆசிரியராகச் சேரும் திட்டங்களுக்கும் பொருந்தும். பல்கலைக்கழகமும் சர்வதேசப் பள்ளியும் வேறு உலகம். அவற்றைப் பின்னால் தொட்டுவிட்டுப் போகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த ரெஸ்யூமேயை இரண்டு பேர் படிக்கிறார்கள், இரண்டு பேரும் தேடுவது வேறு வேறு. முதலில் படிப்பவர் ஆட்சேர்ப்பு ஏஜென்ட் அல்லது பள்ளி அலுவலகத்தில் இருப்பவர். அவருக்கு நீங்கள் நல்ல ஆசிரியரா என்பது அப்போதைக்குத் தேவையில்லை. இவருக்கு வேலை விசா கிடைக்குமா, எப்போது வந்து சேர முடியும், இந்த இரண்டைத்தான் பார்க்கிறார். அதைத் தாண்டினால்தான் ரெஸ்யூமே இரண்டாமவர் கைக்குப் போகும். அவர் பாடப் பொறுப்பாளர். திங்கட்கிழமை காலையில் ஒரு வகுப்பை நம்பி உங்களிடம் ஒப்படைக்க வேண்டியவர். அவர் தேடுவது வகுப்பறையின் தடயம். சாதாரண வேலைக்கு எழுதும் ரெஸ்யூமே இந்த இரண்டு பேருக்குமே உதவாமல் போவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். விசா விவரம் எங்கோ கடைசியில் ஒளிந்திருக்கும், வகுப்பறை விவரம் சுத்தமாக இருக்காது, நடுவில் "குழுவாகச் செயல்படுபவர், கடின உழைப்பாளி" என்று அரைப் பக்கம் போயிருக்கும்.

ஆகவே முதல் பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கை முதலாமவருக்குக் கொடுத்துவிடுங்கள். பெயர், தற்போது இருக்கும் நகரமும் நாடும், நாட்டுக் குறியீட்டோடு தொலைபேசி எண், மின்னஞ்சல், எந்த நாட்டுப் பாஸ்போர்ட், என்ன பட்டம், என்ன ஆசிரியர் சான்றிதழ், எந்த மாதத்திலிருந்து வேலைக்கு வர முடியும். உள்ளூர் வேலைக்கான ரெஸ்யூமேயில் குடியுரிமையை எழுதாதே என்பார்கள், அது சரியான அறிவுரைதான். இங்கே மட்டும் அதற்கு விதிவிலக்கு, ஏனென்றால் குடியுரிமைதான் விசாவைத் தீர்மானிக்கிறது. அதை மறைத்து வைத்தால் ஏஜென்ட் கேட்டு எழுதப்போவதில்லை, அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்.

விசா விதி எவ்வளவு தூரம் ரெஸ்யூமேயைப் பாதிக்கும் என்பதற்குச் சில உதாரணங்கள். தென் கொரியாவில் மொழி ஆசிரியருக்கான இ-2 விசாவுக்கு எந்தப் பாடத்திலாவது இளங்கலைப் பட்டம் வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டுகளைத்தான் அது பொதுவாக ஏற்கிறது. சீனாவில் ஆங்கில மொழி ஆசிரியர் பணிக்கு இளங்கலைப் பட்டத்தோடு, இரண்டு வருட அனுபவமோ ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோ கேட்பது வழக்கம். அங்கும் தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் நாட்டுப் பாஸ்போர்ட்டுக்குத்தான் முன்னுரிமை. ஜப்பானில் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே மொழி கற்பிக்க வருபவர் அந்த மொழி வழியாகவே குறைந்தது 12 வருடம் படித்திருக்கிறாரா என்று பார்ப்பார்கள். நீங்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கில வழியில் படித்தவர் என்றால், ஜப்பானுக்கு அனுப்பும் ரெஸ்யூமேயில் கல்விப் பகுதியில் அதைத் தெளிவாக எழுத வேண்டும்: இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை, பயிற்று மொழி ஆங்கிலம். வேறு எந்த வேலைக்கும் யாரும் பள்ளிப் படிப்பை இப்படி வருடக்கணக்கோடு எழுதமாட்டார்கள். இங்கே அந்த ஒரு வரி விசாவுக்கான ஆதாரம்.

ஆவணங்களின் நிலையையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். பட்டச் சான்றிதழுக்கும் குற்றப் பதிவு இல்லை என்ற காவல்துறைச் சான்றுக்கும் பல நாடுகள் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுப் பயன்பாட்டுக்காக அரசு தரும் சான்று, கேட்கும். 1961-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தப்படி நடக்கும் ஏற்பாடு அது. சீனா 2023 நவம்பர் 7 முதல் இதற்குள் வந்துவிட்டதால், அதற்கு முன் தூதரகம் வரை அலைந்த வேலை பல நாட்டவருக்குக் குறைந்துவிட்டது. ஒப்பந்தத்தில் இல்லாத நாடு என்றால் தூதரகச் சான்றொப்பம்தான். "பட்டச் சான்றிதழ் அப்போஸ்டில் முடிந்தது, காவல்துறைச் சான்று இந்த மாதம் பெறப்பட்டது" என்று எழுதியிருக்கும் விண்ணப்பத்தை ஏஜென்ட் மேலே எடுத்து வைப்பார், காரணம் அவருக்குப் பல வாரக் காத்திருப்பு மிச்சம். ஆனால் காவல்துறைச் சான்றுக்கு ஆயுள் குறைவு, கொரியாவுக்கு ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஆகவே வேலை தேடத் தொடங்கும் முன்பே அவசரப்பட்டு எடுத்து வைக்காதீர்கள்.

உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று நீங்கள் சொல்லவில்லை. அந்த ஏழில் ஒன்று இல்லையென்றால், ரெஸ்யூமே எவ்வளவு அழகாக இருந்தாலும் சில கதவுகள் திறக்காது. இதைப் பூசி மெழுகுவதில் உங்களுக்கு லாபமில்லை. சட்டம் மூடிய கதவும் பள்ளி தானே மூடி வைத்திருக்கும் கதவும் வேறு வேறு என்பதைப் பிரித்துப் பாருங்கள். "தாய்மொழியாளர் மட்டும்" என்று விளம்பரத்தில் இருந்தால், முதலில் அந்த நாட்டுத் தூதரகப் பக்கத்தில் விசா விதியைப் படியுங்கள். விதியே அப்படி என்றால் நேரத்தை வீணாக்க வேண்டாம். விதியில் இல்லை, பள்ளியின் விருப்பம்தான் என்றால் தாராளமாக அனுப்புங்கள். இந்தப் பாகுபாட்டை ஆங்கில ஆசிரியர்களின் சர்வதேச அமைப்பான டெசால் 2006-லேயே வெளிப்படையாகக் கண்டித்து அறிக்கை விட்டது. அதனால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் வியட்நாம், தாய்லாந்து, வளைகுடா நாடுகள் போன்ற இடங்களில் தாய்மொழி ஆங்கிலம் அல்லாத ஆசிரியர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகிறவை. நான் மேலே எழுதியதையும் விண்ணப்பிக்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தாய்மொழி ஆங்கிலம் இல்லாதவர் ரெஸ்யூமேயில் செய்ய வேண்டியது, ஆங்கிலத் திறனுக்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி வைப்பது. "கிட்டத்தட்ட தாய்மொழி அளவு சரளம்" என்று நாமே எழுதிக்கொண்டால் அதற்கு மதிப்பில்லை. ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண், எந்த மாதம் எழுதியது. அல்லது கேம்பிரிட்ஜ் சி2 தேர்வு, எந்த வருடம். ஐஇஎல்டிஎஸ் முடிவை இரண்டு வருடம்தான் பொதுவாக ஏற்பார்கள், கேம்பிரிட்ஜ் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. நிலையைச் சொல்ல ஏ1 (தொடக்க நிலை) முதல் சி2 (உச்ச நிலை) வரையிலான ஐரோப்பிய அளவுகோலைப் பயன்படுத்துங்கள், மொழிப் பள்ளிகளில் எல்லோருக்கும் அது புரியும். உங்களுக்குத் தெரிந்த மற்ற மொழிகளையும் கட்டாயம் எழுதுங்கள். இன்னொரு மொழியைக் கஷ்டப்பட்டுக் கற்றவர் மாணவரின் சிரமத்தைச் சீக்கிரம் புரிந்துகொள்வார் என்பது நல்ல பாடப் பொறுப்பாளருக்குத் தெரியும்.

இனி சான்றிதழ். 120 மணி நேரம் என்பது பல நாடுகளிலும் பள்ளிகளிலும் குறைந்தபட்ச அளவாகவே நிலைத்துவிட்டது, அதனால் உங்களுடையது செல்லும். ஆனால் டெஃபில் என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் சான்றிதழ் கொடுக்கலாம், அதைக் கட்டுப்படுத்த ஒரே அமைப்பு என்று எதுவும் இல்லை. "உலக அளவில் அங்கீகரிக்கப்பட்டது" என்று சான்றிதழில் தங்க எழுத்தில் இருப்பதை ரெஸ்யூமேயில் அப்படியே எடுத்து எழுதாதீர்கள், விவரம் தெரிந்தவர் சிரிப்பார். நாங்கள் பார்ப்பது, நேரில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தி அதை ஒருவர் உட்கார்ந்து மதிப்பிட்டிருக்கிறாரா என்பதை. கேம்பிரிட்ஜின் செல்டாவிலும் டிரினிட்டியின் செர்ட்டெசாலிலும் மதிப்பிடப்பட்ட நேரடிக் கற்பித்தல் ஆறு மணி நேரம் உண்டு. அந்தச் சான்றிதழ்களுக்குச் சந்தையில் மரியாதை கிடைக்க அதுவே முக்கியக் காரணம். உங்கள் படிப்பில் அந்தப் பகுதி இல்லையென்றால் இருப்பதாகக் காட்டாதீர்கள். நிறுவனத்தின் பெயர், 120 மணி நேரம், இணையவழி, முடித்த மாதம், அவ்வளவு போதும். சிறுவர்களுக்குக் கற்பித்தல், தொழில்முறை ஆங்கிலம் என்று தனிப் பிரிவு ஏதாவது படித்திருந்தால் அதையும் சேருங்கள். கையில் கொஞ்சம் பணமும் ஒரு மாதமும் இருந்து, இதை நீண்ட காலத் தொழிலாக நினைக்கிறீர்கள் என்றால் நேரடிப் பயிற்சி உள்ள படிப்பு ஒன்றைச் செய்யலாம் என்பது என் அபிப்பிராயம். முதல் வேலைக்கே அது கட்டாயமா என்றால், இல்லை.

இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். பள்ளியில் வேலை பார்த்ததில்லை என்கிறீர்கள், ஆனால் ஒரு வருடம் கற்பித்திருக்கிறீர்கள். டியூஷனை நீங்களே அனுபவமாக மதிக்காததால் கேள்வியில்கூட ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். இந்த மாதிரி விண்ணப்பங்களில் வழக்கமாக வரும் வாக்கியம்: "மாணவர்களுக்கு ஆங்கில இலக்கணமும் பேச்சுப் பயிற்சியும் அளித்தேன்." பாடப் பொறுப்பாளருக்கு இதிலிருந்து எதுவும் தெரியவில்லை. மாணவர் யார், என்ன வயது, எத்தனை பேர், எந்த நிலை, வாரம் எத்தனை மணி நேரம், புத்தகம் வைத்து நடத்தினீர்களா, நீங்களே பாடம் தயாரித்தீர்களா, முன்னேற்றத்தை எப்படிப் பார்த்தீர்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை இருந்தால் அதே டியூஷன் வேறு மாதிரி தெரியும். தமிழில் சொல்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: "10 முதல் 13 வயது வரையிலான ஆறு பேர் கொண்ட குழுவுக்கு வாரம் நான்கு மணி நேரம் கற்பித்தேன், நிலை ஏ1 முதல் ஏ2 வரை. ஒவ்வொரு வகுப்புக்கும் பாடத் திட்டம் எழுதினேன். பேசத் தயங்கிய மாணவர்களுக்காக இரண்டிரண்டு பேராகப் பேசும் பயிற்சிகளையும் படக் கதைகளையும் தயாரித்தேன். மாதம் ஒருமுறை சிறு வாய்மொழித் தேர்வு வைத்துப் பெற்றோருக்கு முன்னேற்றத்தைச் சொன்னேன்." இதில் எண்கள் என் கற்பனை, உங்களுடைய எண்களைப் போடுங்கள். செய்யாததைச் சேர்க்க வேண்டாம், ஏனென்றால் நேர்காணலில் முதல் கேள்வியே இதிலிருந்துதான் வரும்: "அந்தத் தயங்கிய மாணவருக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள், சொல்லுங்கள்."

வயதும் நிலையும் ஏன் இவ்வளவு முக்கியம் என்று தோன்றலாம். ஆறு வயதுக் குழந்தைகளுக்கு உடலை அசைத்து விளையாட்டோடு சொல்லிக் கொடுப்பதும், அலுவலகம் முடிந்து களைத்து வரும் பெரியவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பதும், பல்கலைக்கழகம் செல்லவிருக்கும் மாணவருக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பதும் மூன்று வேறு தொழில்கள். பள்ளிக்குத் தேவைப்படுவது அதில் ஒன்று. அதனால் ஒரே ரெஸ்யூமேயை எல்லா இடத்துக்கும் அனுப்பாமல், விளம்பரம் எந்த வயதைக் கேட்கிறதோ அந்த வயது அனுபவத்தை மேலே ஏற்றுங்கள். மழலையர் பள்ளி விளம்பரத்துக்கு வந்த ரெஸ்யூமேயில் முதல் வரியே "கல்விசார் எழுத்து" என்று இருந்தால், விண்ணப்பித்தவர் விளம்பரத்தைப் படிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

எண்களைப் பற்றி இன்னொன்று. எந்தச் செயலுக்கும் சதவீதம் போடு என்று பொதுவான ரெஸ்யூமே அறிவுரை சொல்லும். "மாணவர்களின் பேச்சுத்திறனை 40 சதவீதம் உயர்த்தினேன்" என்று எழுதி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பேச்சுத்திறனை எந்தத் தராசில் நிறுத்தார்களோ தெரியவில்லை. ஆங்கிலம் கற்பிக்கிறவர் நம்பும் எண்கள் வேறு: மாணவர் எண்ணிக்கை, மணி நேரம், வயது, நிலை, தேர்வு எழுதியவர்கள் பெற்ற முடிவு. அவை இருந்தால் போதும்.

ஆறு வருட அலுவலக வேலையை என்ன செய்வது? ஒளிக்க வேண்டாம், விரிக்கவும் வேண்டாம். வாடிக்கையாளர் சேவையில் இலக்கு, விற்பனை, விருது எல்லாம் இருந்திருக்கும்; அதில் பாடப் பொறுப்பாளருக்குப் பயன்படுவது கொஞ்சம்தான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்களா? அது கற்பித்தல். ஆங்கிலத்தில் வேற்று நாட்டவரோடு தினமும் தொலைபேசியில் பேசினீர்களா? பெரியவர்களுக்குத் தொழில்முறை ஆங்கிலம் நடத்தும் பள்ளிக்கு அது பொன்னான விஷயம். மின்னஞ்சல் எழுதுவது, கூட்டத்தில் பேசுவது, கோபமாக இருக்கும் வாடிக்கையாளரைச் சமாளிப்பது என்று அங்கே கற்பிப்பதே அதுதான். கற்பித்தல் தொடர்பான அனுபவம் என்று ஒரு பகுதியை முதலில் வைத்து டியூஷனையும் அலுவலகப் பயிற்சியையும் அதில் சேருங்கள். பிற பணி அனுபவம் என்று அடுத்த பகுதியில் வேலை, பதவி, ஆண்டு மட்டும் போட்டு இரண்டு வரியில் முடியுங்கள். இந்த ஒரு மாற்றத்தில் உங்கள் ரெஸ்யூமே அலுவலக ஊழியருடையது என்ற நிலை மாறி, ஆசிரியராகத் தொடங்கியவருடையது ஆகிவிடும். பொய் எதுவும் சொல்லவில்லை, வரிசையைத்தான் மாற்றியிருக்கிறீர்கள்.

இன்னும் விண்ணப்பிக்க இரண்டு மூன்று மாதம் இருக்கிறது என்றால் அனுபவத்தைக் கொஞ்சம் கூட்டவும் முடியும். நூலகத்திலோ தன்னார்வ அமைப்பிலோ வாரம் ஒரு வகுப்பு எடுக்கலாம். இணையத்தில் பெரியவர்களுக்குப் பாடம் எடுக்கலாம். அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் பின்னால் உட்கார அனுமதி கேட்டுப் பார்க்கலாம். "இத்தனை மணி நேரம் வகுப்புகளைக் கவனித்தேன்" என்ற வரிக்கு இந்தத் துறையில் மதிப்பு உண்டு.

மேலே ஒரு சிறு அறிமுகப் பத்தி வைப்பதா வேண்டாமா என்பதில் தேர்ந்தெடுப்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. நான் படிப்பேன், சிலர் தாண்டிவிடுவார்கள். வைத்தால் மூன்று வரிக்கு மேல் போகாதீர்கள். "உலகம் சுற்ற வேண்டும், புதிய பண்பாடுகளை அறிய வேண்டும் என்ற தணியாத ஆர்வம்" என்று தொடங்கினால், இவர் மூன்று மாதத்தில் மலையேறப் போய்விடுவார் என்று பள்ளி நினைக்கும். ஒரு வருட ஒப்பந்தத்தை நடுவில் விட்டுப் போவது இந்தத் துறையின் நிரந்தரத் தலைவலி. அதனால்தான் நிலையாக இருப்பவர் என்ற சாயல் தேவைப்படுகிறது. ஒரே நிறுவனத்தில் ஆறு வருடம் இருந்திருக்கிறீர்கள் என்றால், பட்டதாரியான கையோடு விண்ணப்பிப்பவரிடம் இல்லாத ஒன்று அது.

போட்டோ விஷயம் நாட்டுக்கு நாடு மாறும். கொரியா, ஜப்பான், சீனாவில் போட்டோ எதிர்பார்ப்பது சாதாரணம். பிரிட்டன், அமெரிக்கா, கனடா போன்ற இடங்களின் வழக்கப்படி நடக்கும் நிறுவனங்களுக்கு போட்டோ, வயது, திருமண நிலை எதுவும் வேண்டாம். சிலர் போட்டோ இருப்பதையே சங்கடமாகப் பார்ப்பார்கள். இது நியாயமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. விளம்பரத்தில் கேட்டிருந்தால் வையுங்கள், கேட்காவிட்டால் கிழக்கு ஆசியாவுக்கு மட்டும் வையுங்கள். தெளிவான பின்னணி, பாஸ்போர்ட் போட்டோவைவிடக் கொஞ்சம் இயல்பான முகம், அவ்வளவுதான்.

நீளம்: இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம், உங்கள் அனுபவத்துக்கு ஒன்றே போதும். வட அமெரிக்கா தவிர மற்ற பெரும்பாலான இடங்களுக்கு ஏ4 அளவு. பிடிஎஃப் ஆக்கி, ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் பணியும் இருக்கட்டும். 'புதிய கடைசி 3' என்ற பெயரில் வரும் ஃபைல்கள் என் கணினியில் காணாமல் போனதுண்டு. ஐரோப்பாவில் யூரோபாஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது ரெஸ்யூமே படிவத்தைக் கேட்டால் அதில் நிரப்புங்கள், கேட்காத இடத்துக்கு அது வேண்டாம். திறமைகளைக் கோடு போட்டு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்துக்கொள்ளும் அலங்கார மாதிரிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கும். மாதிரி கேட்டீர்களே, அந்த வகையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

ஆங்கிலப் பிழை. இதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கலாம், ஆனால் வேறெந்தத் துறையிலும் இல்லாத கண்டிப்பு இங்கே உண்டு. படிப்பவர் நாள் முழுக்க மாணவர்களின் தாளைத் திருத்துகிறவர். உங்கள் ரெஸ்யூமேயைப் படிக்கும்போதும் அந்தச் சிவப்புப் பேனா அவர் கையைவிட்டுப் போவதில்லை. பிரிட்டிஷ் எழுத்துமுறையா அமெரிக்க முறையா, ஒன்றைப் பிடித்துக் கடைசி வரை போங்கள். முடிந்த வேலைக்கு இறந்தகாலம், நடக்கும் வேலைக்கு நிகழ்காலம். தேதியை 03/04 என்று எழுதாதீர்கள், அது மார்ச்சா ஏப்ரலா என்பது படிப்பவர் இருக்கும் நாட்டைப் பொறுத்து மாறும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் பிழை திருத்தச் சொல்வதில் தவறில்லை. முழுவதையும் அதனிடமே எழுத விட்டால் வரும் நடை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறது. வீடியோ நேர்காணலில் நீங்கள் பேசும் ஆங்கிலம் அதற்குப் பொருந்தவில்லை என்றால், திறமையைவிட நேர்மை மேல்தான் சந்தேகம் வரும்.

இடைவெளிகளை மறைக்காதீர்கள். குழந்தைகளோடு வேலை பார்க்கும் இடங்களில், குறிப்பாகப் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளில், குழந்தைப் பாதுகாப்பு நடைமுறையின் பகுதியாகவே வேலை வரலாற்றில் உள்ள இடைவெளிகளுக்கு விளக்கம் கேட்பார்கள். எட்டு மாதம் வீட்டில் ஒருவரைக் கவனித்துக்கொண்டீர்கள் என்றால் அப்படியே எழுதுங்கள், அதில் குறை எதுவும் கிடையாது. ஆண்டு மட்டும் போட்டு இடைவெளியை மூடுவது பழைய தந்திரம், மாதத்தையும் கேட்டுவிடுவார்கள்.

எங்கே ரெஸ்யூமே அவ்வளவாக எடுபடாது என்பதையும் சொல்கிறேன். ஜப்பானில் 1987-லிருந்து நடக்கும் ஜெட் திட்டம், கொரியாவில் 1995-ல் தொடங்கிய எபிக் திட்டம் போன்ற, பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை எடுக்கும் அரசுத் திட்டங்களுக்கு அவற்றின் சொந்த விண்ணப்பப் படிவம்தான் பிரதானம். ஜெட்டில் உங்கள் நோக்கத்தை விளக்கும் கட்டுரைக்கும், எபிக்கில் கட்டுரையோடு மாதிரிப் பாடத் திட்டத்துக்கும் நேரத்தைச் செலவிடுங்கள். சர்வதேசப் பள்ளிகள் ஆசிரியர் உரிமமும் பள்ளி அனுபவமும் கேட்கும். வளைகுடா பல்கலைக்கழகங்களில் பயன்பாட்டு மொழியியல் அல்லது ஆங்கிலக் கற்பித்தலில் முதுகலை கேட்பது சாதாரணம். உங்கள் இப்போதைய தகுதிக்கு அவற்றை அடுத்த கட்டமாக வைத்துக்கொள்ளலாம். சீனாவில் 2021 ஜூலையில் வந்த கட்டுப்பாடுகளுக்குப் பிறகு பள்ளி மாணவர்களுக்கான தனிப்பயிற்சி மையங்கள் பெருமளவு குறைந்துவிட்டன. அதற்கு முந்தைய வருடங்களில் எழுதப்பட்ட வேலை தேடும் அறிவுரைகளை அப்படியே நம்ப வேண்டாம்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. பாஸ்போர்ட் எண், வீட்டு முழு முகவரி, அடையாள அட்டை எண் எதையும் ரெஸ்யூமேயில் போடாதீர்கள். பாஸ்போர்ட் நகல், பள்ளி எது என்று உறுதியாகி ஒப்பந்த வரைவு கைக்கு வந்த பிறகு தேவைப்படும் சமாச்சாரம். வேலை வாங்கித் தரப் பணம் கேட்பவரையும், "சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பவரையும் அங்கேயே விட்டுவிடுங்கள். பிடிபட்டால் நாடு கடத்தப்படுவது நீங்கள், அவர் அல்ல.

பரிந்துரையாளர்களாக இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அலுவலகத்தில் உங்கள் மேலாளராக இருந்தவர், மற்றவர் உங்களைக் கற்பிக்கும் நிலையில் பார்த்தவர். டியூஷன் மாணவரின் பெற்றோராகவோ சான்றிதழ் படிப்பின் பயிற்சியாளராகவோ அவர் இருக்கலாம். உறவினர் வேண்டாம். ரெஸ்யூமேயில் அவர்களுடைய எண்ணைப் போடாமல், கேட்டால் தருவதாகச் சொல்லலாம். ஆனால் விளம்பரமே விவரம் கேட்டால் கொடுத்துவிட வேண்டும், அதற்கு முன் அவர்களிடம் சொல்லி வையுங்கள். வேறு நேர மண்டலத்திலிருந்து அழைப்பு வரும், தெரியாத எண் என்று அவர்கள் எடுக்காமல் விட்டால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

சரி, கேட்ட மாதிரி. முழு ரெஸ்யூமே எழுதித் தந்தால் அது என்னுடையதாகிவிடும், அதனால் மேல் பகுதியை மட்டும் உங்கள் விவரங்களை வைத்துச் சொல்கிறேன். முதல் வரியில் பெயர். அடுத்த வரியில் நகரம், தொலைபேசி, மின்னஞ்சல். மூன்றாவது வரி: குடியுரிமை, ஆங்கில இலக்கிய இளங்கலை, அப்போஸ்டில் நிலை, 120 மணி நேர டெஃபில், எந்த மாதம் முதல் வரத் தயார். பிறகு அறிமுகம்: "10 முதல் 13 வயது மாணவர்களுக்குச் சிறு குழுக்களாக ஒரு வருடம் ஆங்கிலம் கற்பித்தவர். ஆறு வருடம் ஆங்கிலம் வழியாக வாடிக்கையாளர்களோடு பணியாற்றிப் புதியவர்களுக்குப் பயிற்சி அளித்தவர். பள்ளி வயதினருக்கான முழுநேர ஒரு வருடப் பணியை நாடுகிறார்." கீழே கற்பித்தல் அனுபவம், சான்றிதழ், கல்வி, பிற பணி, மொழிகள் என்ற வரிசையில் போங்கள். புதியவர்களுக்குப் பயிற்சி அளித்தீர்களா என்பது என் ஊகம்தான். அது நடக்கவில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிட்டு, அந்த ஆறு வருடத்தில் யாருக்காவது எதையாவது சொல்லிக் கொடுத்த வேறொரு சந்தர்ப்பத்தைத் தேடி எழுதுங்கள்.